சாயும் சுவருக்கு யார் பொறுப்பு?



வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் அரசர்கள் நடத்திய போர்களும், அவர்கள் எடுப்பித்த கோட்டைகளும் கோயில்களுமே உங்கள் நினைவுக்கு வரும். இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்ட வரலாறு அத்தகையதன்று. இதில் வெற்றி வீரர் எவரும் இல்லை. சாய்ந்து நிற்கும் ஒரு சுவர், மூடாமல் விட்ட ஒரு குழி, முட்டித் திரியும் ஒரு மாடு ஆகிய இம்மூன்றுமே இதன் பாத்திரங்கள். ஓர் இடத்துக்கு உரியவன், அந்த இடத்தால் பிறருக்குத் தீங்கு நேராமல் காக்கக் கடமைப்பட்டவனா? கடமைப்பட்டவன் எனில், அக்கடமை எதுவரை செல்லும்? இக்கேள்வியை மனித இனம் ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றது.

இக்கேள்வி என்னிடமும் ஒருமுறை வந்து நின்றது. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் தலைமையாசிரியனாகப் பணியேற்ற பள்ளி ஒன்றின் சுற்றுச்சுவர் தெருப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. கொத்தனார் ஒருவர் தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, அடுத்த மழையை இது தாங்காது" என்றார். அன்றே மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். கடிதத்தின் படி ஒன்று கோப்பில் இருந்தது. எனவே என் கடமை தீர்ந்தது என்று அமைதி கொண்டேன். இரண்டு வாரம் கழித்து, ஒரு மாலைப்பொழுதில், அந்தச் சுவரின் நிழலில் நெல்லிக்காய் விற்கும் மூதாட்டியையும் அவரைச் சூழ்ந்து நின்ற பத்துப் பன்னிரண்டு சிறுவர்களையும் கண்டேன். என் உடல் நடுங்கிற்று. சுவர் சாய்வதை அறிந்தவன் நான், அவர்களோ அறியாதவர்கள். கோப்பில் இருந்த கடிதம் அவர்களுள் ஒருவருக்கும் தெரியாது. மறுநாள் விடியுமுன் முள்ளை வெட்டிவரச் செய்து சுவரோரம் முழுதும் வேலி அடைத்தேன். ஒன்பதாம் நாள் இரவு பெய்த மழையில் சுவர் தெருவில் விழுந்தது. ஒருவருக்கும் காயமில்லை. ஆயினும், வாளா இருந்த அந்த இரண்டு வாரங்களை எண்ணும்போது இன்றும் எனக்கு வெட்கமாகவே இருக்கின்றது.

இனி, பழங்காலத்துக்குச் செல்வோம். இன்றைய ஈராக் நாட்டில், தியாலா ஆற்றங்கரைப் பகுதியில் எஷ்னுன்னா என்ற நகர அரசு முன்னாளில் சிறந்து விளங்கிற்று. அதன் சட்டங்கள் ஆப்பெழுத்தில் பொறிக்கப்பட்ட களிமண் பலகைகள் 1945-லும் 1947-லும் பாக்தாதை அடுத்த தெல் ஹர்மல் என்னுமிடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவை கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. புகழ்பெற்ற ஹம்முராபியின் சட்டத்துக்கும் சற்று முற்பட்டவை. அவற்றுள் ஒரு விதி சுவரைப் பற்றியது. ஒருவனுடைய சுவர் விழும் நிலையில் இருக்கின்றது. ஊர் அதிகாரிகள் அதனை அவனுக்கு அறிவித்துவிட்டனர். அவனோ அதனை வலுப்படுத்தவில்லை. சுவர் விழுந்து ஓர் உயிர் போயிற்று. இவ்வழக்கைச் சாதாரண மன்றம் விசாரிக்க இயலாது. இஃது உயிர் சம்பந்தப்பட்ட வழக்கு. அரசனே தீர்ப்புச் செய்ய வேண்டும் என்பது அவ்விதி.

இவ்விதியின் நுட்பத்தைக் கவனியுங்கள். சுவர் விழுந்தது குற்றமென்று அது சொல்லவில்லை. அறிவிப்புக் கிடைத்த பின்னும் சும்மா இருந்ததே குற்றமென்று சொல்கின்றது. அறிந்தவனுக்கே பொறுப்பு. அறிவு வந்து சேர்ந்த கணத்திலேயே கடமையும் வந்து சேர்கின்றது. இப்போது சொல்லுங்கள், கடிதத்தின் படியைக் கோப்பில் வைத்துக்கொண்டு நான் அமைதி கொண்டதை எஷ்னுன்னாவின் அரசன் ஏற்றுக்கொண்டிருப்பானா?

கி.மு. 1792 முதல் 1750 வரை பாபிலோனை ஆண்டதாகக் கருதப்படும் ஹம்முராபியின் சட்டங்களும் இக்கருத்தையே பேசுகின்றன. இவை பொறித்த கருங்கற்றூணை 1901ஆம் ஆண்டை ஒட்டி, ஈரான் நாட்டின் சூசா நகரில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டெடுத்தனர். இன்று அது பாரிஸ் நகரத்து லூவர் காட்சிச்சாலையில் உள்ளது. மாடு தெருவில் செல்லும்போது திடீரென ஒருவனை முட்டிக் கொன்றுவிட்டால் வழக்கு இல்லை என்கின்றது அச்சட்டம். ஆனால், அந்த மாடு முட்டும் இயல்புடையது என்று ஊரார் முன்பே எடுத்துரைத்திருந்தும், உரியவன் அதன் கொம்புகளை மறைக்காமலும் அதனைக் கட்டிவைக்காமலும் விட்டிருந்தால், அவன் அரை மினா வெள்ளி செலுத்த வேண்டும்.

அதே சட்டத்தில் கொத்தனைப் பற்றிய விதி மிகக் கொடியது. அவன் உறுதியின்றிக் கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரன் இறந்தால் கொத்தனைக் கொல்ல வேண்டும். வீட்டுக்காரனின் மகன் இறந்தால் கொத்தனின் மகனைக் கொல்ல வேண்டும். ஒரு பாவமும் அறியாத அந்த மகன் ஏன் சாக வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. இழப்புக்கு இழப்பு என்று தராசில் எடைபோடும் நீதி அது. இதிலிருந்து மனிதன் வெளிவருவதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின.

எபிரேயரின் பழைய சட்டத்தில் ஒரு புதிய ஒளி தெரிகின்றது. புது வீடு கட்டுகிறவன் அதன் மொட்டை மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று உபாகமம் என்னும் நூல் கட்டளையிடுகின்றது. அந்நாட்டில் மக்கள் மாடியிலேயே தானியம் உலர்த்துவர். மாலையில் அங்கேயே அமர்வர். வேனிற்காலத்தில் அங்கேயே உறங்குவர். ஒருவன் தவறி விழுந்தால் அவ்வீட்டின்மேல் இரத்தப்பழி வரும் என்பது அச்சட்டம் காட்டும் காரணம். பாபிலோனியச் சட்டம், விழுந்தபின் யாரைத் தண்டிப்பது என்று ஆராய்ந்தது. இச்சட்டமோ விழுவதற்கு முன்பே சுவரை எழுப்பு என்கின்றது. யாத்திராகமம் என்னும் மற்றொரு நூலில் குழியைப் பற்றிய விதி உண்டு. குழியைத் திறந்தவனோ தோண்டியவனோ அதனை மூடாமல் விட்டு, பிறனுடைய மாடோ கழுதையோ அதில் விழுந்து இறந்தால், குழிக்கு உரியவன் விலையைக் கொடுத்துவிட்டுச் செத்த விலங்கை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் குழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்பேச்சின் முடிவில் அது மீண்டும் வரும்.

அடுத்து உரோமாபுரி. அங்கே மக்கள் நெருக்கம் மிகுதி. ஏழை எளியவர் பல அடுக்கு மாடிகளில் வாடகைக்குக் குடியிருந்தனர். மேல்மாடியிலிருந்து கழிவுநீரையும் உடைந்த பாண்டங்களையும் தெருவில் எறிவது அன்றாட வழக்கம். கீழே அடிபட்டவன் மேலே நிமிர்ந்து பார்த்தால் பத்துச் சன்னல்கள் தெரியும்; எறிந்த கை எது என்பது தெரியாது. இதற்குப் பிரேத்தர் என்னும் நீதித் தலைவர் ஒரு வழி கண்டார். எறிந்தவன் யாராயினும் ஆகுக. அந்த அறையில் குடியிருப்பவனே பொறுப்பாவான். சேதத்தைப் போல் இருமடங்கு அவன் கொடுக்க வேண்டும். வழியில் செல்பவன் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. இடத்தைத் தன் ஆட்சியில் வைத்திருப்பவனையே சட்டம் தேடிச் சென்றது.

மற்றொரு விதி இதனினும் முன்னே சென்றது. மக்கள் நடமாடும் வழிக்கு மேலே, இறவாரத்திலோ மாடி முகப்பிலோ, விழுந்தால் தீங்கு செய்யக்கூடிய பொருளை வைப்பதும் தொங்கவிடுவதுமே தண்டத்துக்குரியன. பொருள் விழ வேண்டியதில்லை. விழக்கூடிய நிலையில் இருந்தாலே போதும். இவையேயன்றி, அண்டை வீடு இடியும் நிலையில் இருந்தால் அதற்கு உரியவனிடம் முன்கூட்டியே பிணை கேட்கவும் உரோமானியனுக்கு உரிமை இருந்தது. உரியவன் பிணை தர மறுத்தால், கேட்டவனை அந்த வீட்டுக்குள் குடிபுகச் செய்யவும் நீதித் தலைவர் ஆணையிடலாம். இன்னும் நேராத சேதத்துக்காக வகுக்கப்பட்ட சட்டம் இது.

இத்தகைய சட்டங்களைப் படைத்த உரோமானியர் எக்காலமும் விழிப்பாக இருந்தனரா? இல்லை. கி.பி. 27ஆம் ஆண்டில் உரோமுக்கு அருகே பிதேனை என்ற ஊரில் அத்திலியஸ் என்பவன் ஒரு மரக் காட்சியரங்கை எழுப்பினான். உறுதியான நிலத்தில் அடித்தளம் இடவில்லை. மரச் சட்டங்களையும் சரியாகப் பிணைக்கவில்லை. அவன் நாட்டமெல்லாம் வருவாயிலேயே இருந்தது. வாட்போர் காண மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். அரங்கு இடிந்து வீழ்ந்தது. இறந்தோரும் உறுப்பிழந்தோருமாக 50,000 பேர் என்று வரலாற்றாசிரியர் தாசித்தஸ் எழுதுகின்றார். அதன் பின்னரே செனற்றுச் சபை விழித்தது. நான்கு இலட்சம் செஸ்டர்ஸுக்குக் குறைந்த செல்வமுடையவன் இத்தகைய காட்சி நடத்தலாகாது. நிலத்தின் உறுதியைச் சோதித்தறியாமல் காட்சியரங்கு கட்டலாகாது என்று விதித்தது. அத்திலியஸ் நாடு கடத்தப்பட்டான். பேரிழப்பு முன்னே வருதலும், விதி பின்னே வருதலும் ஆகிய இந்தத் துயர வழக்கத்தை நாம் மீண்டும் மீண்டும் காணப்போகின்றோம்.

நம் நாட்டின் பழைய நூல்கள் இதுபற்றிப் பேசவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். பேசுகின்றன. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் என்னும் நூல் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்தில் அளித்த ஓலைச்சுவடியிலிருந்தே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாம சாத்திரியார் அதனை வெளிக்கொணர்ந்தார். நகரத்தில் தீ விபத்தைத் தடுப்பதற்கு அந்நூல் கூறும் விதிகள் வியப்பளிப்பவை. கோடைக்காலத்து நண்பகலில் வீட்டுக்குள் அடுப்பு மூட்டலாகாது. ஒவ்வொரு வீட்டாரும் நீர்க் குடங்கள், ஏணி, கோடரி, கொக்கி முதலியவற்றை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். தீயோடு தொழில் செய்வோர் தனியே ஓரிடத்தில் வாழ வேண்டும். தீப்பற்றிய வீட்டை அணைக்க ஓடிவராத வீட்டுக்காரனுக்கு 12 பணம் தண்டம்; குடியிருப்பவனுக்கு 6 பணம். சொந்தக்காரனுக்கும் வாடகைக்காரனுக்கும் பொறுப்பு உண்டு, ஆனால் அளவு வேறு என்னும் நுட்பம் இதில் அடங்கியிருக்கின்றது.

இனி, நம் இன்றைய சட்டத்துக்குப் பெரிதும் மூலமாய் அமைந்த இங்கிலாந்தைப் பார்ப்போம். அங்கே நிலவுடைமை என்பது ஒரு சிறு முடியாட்சியைப் போன்றது. என் நிலத்தில் நான் எதனையும் செய்வேன். வருகிறவன் தன் கண்ணைத் திறந்துகொண்டு வரட்டும் என்பதே நெடுங்காலம் நிலவிய மனப்பான்மை. 1866ஆம் ஆண்டில் ஒரு வழக்கு அந்த மனப்பான்மையை அசைத்தது. இலண்டனில் ஒரு சர்க்கரை ஆலை. அங்கே எரிவாயுவைச் சிக்கனப்படுத்தும் கருவி ஒன்று புதிதாகப் பொருத்தப்பட்டிருந்தது. அது செவ்வனே வேலை செய்கின்றதா என்று சோதிக்க ஒரு தொழிலாளி வந்தார். அந்த ஆலையில் சர்க்கரையை ஏற்றவும் இறக்கவும் தளத்துக்குத் தளம் ஒரு திறப்பு இருந்தது. அதைச் சுற்றி வேலி இல்லை. ஆலையில் வேலை செய்வோர் அதனை அறிவர், வந்தவர் அறியார். அவர் அதில் விழுந்து படுகாயமுற்றார்.

நீதிபதி வில்ஸ் வழங்கிய தீர்ப்பின் கருத்து இது: உரியவரின் தொழிலின் பொருட்டு அவர் இடத்துக்கு வருபவர், தாம் போதிய கவனத்தோடு நடந்துகொள்வாராயின், அங்குள்ள வழக்கத்துக்கு மாறான அபாயத்திலிருந்து தம்மைக் காக்க உரியவரும் தக்க கவனம் எடுப்பார் என்று எதிர்பார்க்கும் உரிமை உடையவர். அந்த அபாயத்தை உரியவர் அறிந்திருந்தாலும் பொறுப்பு. அறிந்திருக்க வேண்டியவராயினும் பொறுப்பு. "அறிந்திருக்க வேண்டியவர்" என்ற இச்சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எஷ்னுன்னாவில் அதிகாரி வந்து அறிவித்த பின்னரே பொறுப்புப் பிறந்தது. இங்கோ, உன் இடத்தை நீயே சுற்றிப் பார்த்து அறிந்துகொள் என்று சட்டம் சொல்லிற்று. எனக்குத் தெரியாது என்பது இனி முழுமையான விடையாகாது.

ஆயினும் அந்த நீதி எல்லார்க்கும் ஒன்றாக இல்லை. வருவோரை நீதிமன்றங்கள் மூன்று தரமாகப் பிரித்தன. உரியவரின் நலன் கருதி அழைக்கப்பட்டு வந்தவர் முதல் தரம். வெறும் அனுமதியால் வந்தவர் இரண்டாம் தரம். அனுமதியின்றிப் புகுந்தவர் மூன்றாம் தரம். மூன்றாம் தரத்தாருக்கு, வேண்டுமென்றே தீங்கு இழைக்காமலிருந்தாலே போதும் என்பது விதி. அத்துமீறிப் புகுபவன் என்றால் திருடன்தானே என்று நாம் எண்ணுவோம். ஆனால் உண்மையில் வேலி இடுக்கில் நுழைபவர் பெரும்பாலும் யார்? குழந்தைகள்!

1929ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையின் முன் வந்த வழக்கில், ஸ்காட்லாந்து நாட்டு நிலக்கரிச் சுரங்கம் ஒன்றின் இயந்திரச் சக்கரத்தில் அகப்பட்டு நான்கு வயதுக் குழந்தை மாண்டிருந்தது. குழந்தைகள் அங்கு விளையாட வருவது சுரங்கத்தாருக்குத் தெரியும். அடிக்கடி விரட்டியும் இருந்தனர். வேலியோ பெயருக்கு இருந்தது. எனினும், அக்குழந்தை அத்துமீறிப் புகுந்தது; ஆதலால் நட்டஈடு இல்லை என்பதே தீர்ப்பு. சட்டத்தின் கண்ணுக்கு அந்த நான்கு வயதுக் குழந்தையும் கன்னம் வைக்கும் கள்வனும் ஒன்றாகவே தோன்றினர்.

இந்தக் கடுமை குறைய நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1957இல் இங்கிலாந்து ஒரு புதிய சட்டம் இயற்றியது. அழைக்கப்பட்டவர், அனுமதிக்கப்பட்டவர் என்ற வேற்றுமையை நீக்கி, முறைப்படி வருவோர் அனைவருக்கும் ஒரே பொதுக் கவனக் கடமையை அது வகுத்தது. குழந்தைகள் பெரியவர்களைவிடக் கவனம் குறைந்தவர்களாய் இருப்பர் என்பதை எதிர்பார்த்தே உரியவர் நடந்துகொள்ள வேண்டும் என்றும் கூறிற்று. ஆனால் அத்துமீறிப் புகுந்தவரை அது தொடவில்லை. 1965இல் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன், உடைந்து கிடந்த வேலியின் வழியாக மின்சார இருப்புப் பாதைக்குள் சென்று கொடிய தீக்காயமுற்றான். குழந்தைகள் அங்கு நடமாடுகின்றனர் என்ற செய்தி சில வாரங்களுக்கு முன்பே நிலையத் தலைவருக்கு எட்டியிருந்தது. வேலியை ஒருவரும் செப்பனிடவில்லை. 1972இல் அதே பிரபுக்கள் சபை, தன் பழைய வழியை விட்டு, புகுந்தவன் உரிமையற்றவனாயினும் அவன்பால் மனிதத் தன்மையோடு நடக்கும் கடமை உரியவருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. 1984இல் அது சட்டமாகவும் ஆயிற்று. 1929இன் குழந்தைக்கு மறுக்கப்பட்ட நீதி, 1972இன் சிறுவனுக்குக் கிடைத்தது. இடையில் மாறியது மனிதனின் நெஞ்சம்.

இங்கிலாந்துச் சட்டம் நம் மண்ணுக்கு வந்தபோது எல்லாம் அப்படியே பொருந்தவில்லை. 1868இல், தன் நிலத்தில் பெருந்தீங்கு விளைவிக்கக்கூடிய ஒன்றைத் தேக்கி வைத்தவன், கவனக்குறைவு இல்லாவிடினும் அது வெளியேறி விளைக்கும் சேதத்துக்குப் பொறுப்பாவான் என்று பிரபுக்கள் சபை விதித்தது. லங்காஷயரில் ஓர் ஆலை முதலாளி கட்டிய நீர்த்தேக்கம் உடைந்து அண்டைச் சுரங்கத்தை மூழ்கடித்த வழக்கு அது. சில ஆண்டுகளில் அதே போன்ற வழக்கு அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து பிரிவி கௌன்சிலுக்குச் சென்றது. இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ள கார்வேட்டிநகர ஜமீனின் ஏரிகள் பெருமழையில் உடைந்து, மதராஸ் ரெயில்வே கம்பெனியின் பாதைப் பணிகளைச் சிதைத்துவிட்டன. கம்பெனியார் நட்டஈடு கேட்டனர். 1874இல் வெளிவந்த தீர்ப்பு அவர்களுக்கு எதிராக அமைந்தது. இந்நாட்டின் ஏரி ஒருவன் தன் இலாபத்துக்காகக் கட்டிக்கொண்ட தேக்கமன்று. தொன்றுதொட்டு வேளாண்மைக்கும் மக்கள் வாழ்வுக்கும் ஆதாரமானது. அதனைப் பாதுகாப்பது ஜமீன்தாரின் கடமை. அழிப்பதற்கு அவருக்கு உரிமை இல்லை. எனவே கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டால்தான் பொறுப்பு என்பது அதன் சாரம். பொறுப்பை அளக்கும்போது, அந்த உடைமை யாருக்குப் பயன்படுகின்றது என்பதையும் நோக்க வேண்டும் என்ற பாடத்தை நம் ஏரிகள் கற்பித்தன.

விடுதலை பெற்ற இந்தியாவில் இப்பொறுப்பு மேலும் வளர்ந்தது. தில்லி சாந்தினி சௌக்கில் நகர மண்டபத்துக்கு எதிரே ஒரு மணிக்கூண்டு நின்றது. 1950களின் தொடக்கத்தில் அது இடிந்து விழுந்து, கீழே இருந்தோர் உயிரிழந்தனர். பழுது உள்ளே மறைந்திருந்தது. வெளியே தெரியவில்லை என்று நகராட்சி வாதிட்டது. 1966இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. கூண்டுக்கு வயது எண்பது. அத்தகைய சாந்தின் ஆயுளோ 40 அல்லது 45 ஆண்டுகளே. பொது வழியை ஒட்டிக் கட்டடம் வைத்திருப்பவர் அதனைக் காலந்தோறும் சோதித்துப் பேண வேண்டும். மறைந்திருந்த பழுது என்பது காரணமாகாது என்று நீதிமன்றம் கூறிற்று. பின்னர், 1984இல் போபாலில் நச்சுவாயு பல்லாயிரவரை மாய்த்தது. 1985இல் தில்லியில் ஓர் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அந்தத் தில்லி வழக்கில், அபாயமான தொழிலை நடத்துவோரின் பொறுப்பு முழுமையானது. எவ்விதச் சாக்கும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அறுதியிட்டது.

நம் தமிழகம் தந்த விலை என்ன? 1964 ஏப்ரலில் மதுரையில் ஒரு பள்ளிக் கட்டடம் இடிந்து முப்பதுக்கும் மேற்பட்ட மாணவியர் மாண்டனர். அடுத்த ஆண்டே, பொதுக் கட்டடங்கள் உரிமம் பெற வேண்டும் என்னும் சட்டம் இங்கு இயற்றப்பட்டது. 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில், சமையற்கூடத்தில் தோன்றிய தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகளை விழுங்கியது. 2009இல் உச்ச நீதிமன்றம், கல்வி உரிமை என்பதில் அச்சமின்றி அமர்ந்து படிக்கும் பாதுகாப்பான பள்ளிக்கு உள்ள உரிமையும் அடங்கும் என்று கூறிற்று. பிதேனையின் கதையே மீண்டும் நடந்தது. இழப்பு முன்னே வந்தது. விதி பின்னே வந்தது. ஓர் ஆசிரியன் என்ற முறையில் இவ்விரு ஊர்களின் பெயரை நான் மன அமைதியோடு சொல்ல முடிவதில்லை.

குழி மீண்டும் வரும் என்றேன் அல்லவா? நீர் வற்றிய ஆழ்துளைக் கிணறுகளை அப்படியே விட்டுச் செல்லும் வழக்கத்தால் நாடெங்கும் குழந்தைகள் விழுந்து மாண்டனர். 2010இல் உச்ச நீதிமன்றம் விதிகளை வகுத்தது. நில உரிமையாளர் கிணறு தோண்டுவதற்குப் பதினைந்து நாள் முன்னரே அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். தோண்டும்போது சுற்றிலும் முள்கம்பி வேலியும் அறிவிப்புப் பலகையும் வைக்க வேண்டும். குழாயின் வாயை இரும்பு மூடியால் அடைக்க வேண்டும். கைவிட்ட கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம்வரை மண்ணும் கல்லும் இட்டு நிரப்ப வேண்டும். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 2019 அக்டோபரில், மணப்பாறைக்கு அருகே இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. நான்கு நாள் தமிழகம் முழுவதும் உறங்காமல் காத்திருந்தது. குழந்தையின் உடலே கிடைத்தது. விதி இருந்தது, மூடி இல்லை. குழியை மூடு என்று மூவாயிரம் ஆண்டுகளாய் மனிதன் சொல்லிக்கொண்டே இருக்கின்றான். மூடுவதற்குத்தான் கை எழவில்லை.

இனி, உங்களுக்கு நேரே பயன்படும் ஒன்றைச் சொல்லி முடிக்கின்றேன். நம் நாட்டில் நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையில் அது 152ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது. விழும் நிலையிலுள்ள கட்டடத்தையோ மரத்தையோ அகற்றவும் செப்பனிடவும், பொது வழியை ஒட்டிய கிணற்றுக்கும் குழிக்கும் வேலி போடவும், அபாயமான விலங்கை அடைத்து வைக்கவும் உரியவருக்கு ஆணையிட, நிர்வாக நடுவராகிய மாவட்ட ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் அது அதிகாரம் தருகின்றது. பாருங்கள்! எஷ்னுன்னாவின் சுவர், எபிரேயரின் குழி, பாபிலோனின் முட்டு மாடு ஆகிய மூன்றும் ஒரே பிரிவில் வந்து கூடியிருக்கின்றன. இவ்வதிகாரத்தை இயக்கக் காவலரின் அறிக்கைதான் வேண்டும் என்பதில்லை. பிற வழியில் கிடைக்கும் செய்தியும் போதும். அந்தச் செய்தியை அனுப்புபவர் நீங்களாகவும் இருக்கலாம்.

நாலாயிரம் ஆண்டுச் சட்ட வரலாற்றைச் சுருக்கினால் மூன்று படிகள் தென்படும். முதலில் மனிதன் தீங்கு நேர்ந்தபின் தண்டித்தான். பிறகு ஈடு செய்யக் கற்றான். கடைசியில் வருமுன் காக்கக் கற்றுவருகின்றான். மூன்றிலும் மாறாத அடிப்படை ஒன்றே. ஓர் இடத்தை அறிந்தவன், அதனை அறியாதவனுக்குக் கண்ணாக இருக்க வேண்டும். இதற்குப் பெரிய நிலமும் மாளிகையும் தேவையில்லை. விடுதி அறையின் மாடிப்படி விளக்கு அணைந்து கிடப்பது உங்களுக்குத் தெரியும். புதிதாக வருபவருக்குத் தெரியாது. ஆய்வுக்கூடத்து மேசையின் கண்ணாடி உடைந்திருப்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த வகுப்பாருக்குத் தெரியாது. தெரிந்த அந்தக் கணமே நீங்கள் பொறுப்புடையவர் ஆகின்றீர்கள்.

கடிதம் எழுதுங்கள்; அது வேண்டியதே. ஆனால் கடிதத்தோடு நின்றுவிடாதீர்கள். நான் நின்றேன், இரண்டு வாரம் நின்றேன். நெல்லிக்காய் விற்ற அந்த மூதாட்டிக்கு, தம் தலைக்கு மேல் என்ன சாய்ந்திருந்தது என்பது கடைசிவரை தெரியாது. "வேலி போட்டு என் வியாபாரத்தைக் கெடுத்தீர்களே ஐயா" என்று மட்டும் ஒருமுறை சொன்னார். அந்தக் குறையைக் கேட்கும் பேறு எனக்கு வாய்த்ததே என்று நான் மகிழ்ந்தேன்.